எந்திரத்தின் பிழையைக் கடிதத்தில் பிடித்த சீமாட்டி

பைரன் பிரபுவின் மகள் ஏடாவின் வாழ்க்கைக் கதை

சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளை என்று ஓர் ஊர் இருக்கிறது. சேலை நெசவுக்குப் பேர் போன ஊர். அங்கே பூ வேலை செய்யும் தறிக்கு முன்னால் நின்று, தலையை நிமிர்த்திப் பாருங்கள். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் இருந்து அட்டைகள் மாலை போலத் தொங்கும். ஒவ்வோர் அட்டையிலும் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும்.

துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும். அதற்கு உரிய பாவு நூல் மேலே எழும்பும். துளை இல்லாத இடத்தில் நூல் கீழேயே கிடக்கும். இரண்டுக்கும் நடுவே ஊடை நூல் ஓடும். அட்டை மாற மாற, சேலையில் மயிலும் மாங்காயும் பூக்கும். இப்போது சில தறிகளில் அட்டைக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரே வந்துவிட்டது. ஆனாலும் வேலை அதேதான்.

ஒரு நாள் மயிலின் கழுத்து உடைந்தாற்போல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நெசவாளர் என்ன செய்வார்? உடனே தறியை நிறுத்துவார். டிசைன் போட்டவர் வேறு ஊரில் இருந்தால், அவரைப் போனில் கூப்பிடுவார். எத்தனையாவது அட்டை, எத்தனையாவது துளை என்று இரண்டு பேரும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தறி இங்கே இருக்கிறது. டிசைன் அங்கே இருக்கிறது. இருந்தாலும் பிழை பிடிபட்டுவிடும்.

இதே வேலையை 1843-ம் ஆண்டில் ஒரு பெண்மணி செய்தார். தறிக்கு அல்ல, கணக்குப் போடும் எந்திரத்துக்கு! அப்போது போன் கிடையாது. கடிதம் மட்டும்தான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த எந்திரம் உலகத்தில் எங்குமே இல்லை. அது வெறும் காகிதத்தில் இருந்தது!

அந்தப் பெண்மணியின் பெயர் ஏடா லவ்லேஸ்.

ஒரு மாதக் குழந்தை

இங்கிலாந்து நாட்டில் பைரன் பிரபு என்று ஒரு கவிஞர் இருந்தார். பெரிய கவிஞர். நல்ல அழகர். ஆனால் மனம் போன போக்கில் வாழ்ந்தவர். கடனும் அதிகம், வம்பும் அதிகம். அவர் அனபெல்லா என்ற பெண்ணை மணந்தார். அனபெல்லாவுக்குக் கணிதம் என்றால் உயிர்.

கவிதைக்கும் கணக்குக்கும் ஒத்துப்போகவில்லை. 1815-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி லண்டனில் ஏடா பிறந்தாள். அடுத்த மாதமே தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். 1816-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பைரன் கப்பல் ஏறினார். பிறகு இங்கிலாந்துக்கு உயிரோடு திரும்பவே இல்லை. மகளை அவர் மறுபடி பார்க்கவும் இல்லை. 1824-ம் ஆண்டில் கிரேக்க நாட்டில் இறந்து போனார். அப்போது ஏடாவுக்கு 8 வயது.

தந்தையின் முகம் எப்படி இருக்கும் என்றுகூட அந்தச் சிறுமிக்குத் தெரியாது. வீட்டில் பைரனின் படம் இருந்தது. ஆனால் திரை போட்டு மூடி இருந்தது.

தாய்க்கு ஒரே பயம். தந்தையின் கிறுக்கு மகளுக்கும் வந்துவிட்டால்? கவிதைப் பித்துப் பிடித்துவிட்டால்? இதற்கு மருந்து கணக்குத்தான் என்று அவர் முடிவு செய்தார். ஆசிரியர்களை வைத்து, சின்ன வயதில் இருந்தே ஏடாவுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுத்தார்.

மருந்து என்று கொடுத்தது, மகளுக்கு விருந்து ஆகிவிட்டது!

பறக்க ஆசை

12 வயதில் ஏடாவுக்கு ஓர் ஆசை பிறந்தது. பறவையைப் போலப் பறக்க வேண்டும்! மற்றப் பிள்ளைகளாக இருந்தால் கனவு கண்டதோடு விட்டுவிடுவார்கள். ஏடா அப்படி விடவில்லை. பறவைகளின் சிறகு எவ்வளவு நீளம், உடம்பு எவ்வளவு பெரியது என்று ஆராய்ந்தாள். எதைக் கொண்டு சிறகு செய்யலாம் என்று யோசித்தாள். நீராவியால் பறக்கும் குதிரை ஒன்றுக்குத் திட்டம் போட்டாள்.

அந்தச் சிறகு முளைக்கும் முன்பே அவளுடைய கால்கள் விழுந்துவிட்டன. 1829-ம் ஆண்டில் கடுமையான அம்மை நோய் வந்தது. நடக்க முடியவில்லை. நெடுங்காலம் கட்டிலிலேயே கிடந்தாள். பிறகு ஊன்றுகோல் பிடித்து மெல்ல நடந்தாள். படுத்துக் கிடந்த நாளிலும் படிப்பை மட்டும் அவள் விடவில்லை.

பாபேஜைப் பார்த்தாள்

1833-ம் ஆண்டு ஜூன் மாதம். ஏடாவுக்கு 17 வயது. லண்டனில் ஒரு விருந்தில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித மேதையைச் சந்தித்தாள். அவருக்கு அப்போது 41 வயது.

அந்தக் காலத்தில் கப்பல் ஓட்டுகிறவர்களும் என்ஜினீயர்களும் கணக்கு வாய்பாட்டுப் புத்தகங்களை நம்பி வேலை செய்தார்கள். அந்தப் புத்தகங்களில் ஏராளமான பிழைகள் இருந்தன. கணக்குப் போடுகிறவர் தப்பாகப் போடுவார். எழுதுகிறவர் தப்பாக எழுதுவார். அச்சுக் கோப்பவர் இன்னொரு தப்புச் செய்வார். கடலில் ஓர் எண் தப்பினால் கப்பல் பாறையில் மோதும்; ஆள் உயிர் போகும்.

எந்திரமே கணக்குப் போட்டால் பிழை வராதே என்று பாபேஜ் எண்ணினார். பித்தளைப் பல்சக்கரங்களை வைத்து ஓர் எந்திரம் செய்யத் தொடங்கினார். அரசாங்கம் 17,000 பவுனுக்கு மேல் செலவு செய்தது. ஆனால் ஒரு பகுதிதான் முடிந்தது. அந்தப் பகுதியை அவர் தம் வீட்டில் வைத்திருந்தார்.

பெரிய மனிதர்கள் பலர் வந்து அதை வேடிக்கை பார்த்தார்கள். ஏடா வேடிக்கை பார்க்கவில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தாள். அதன் அழகு அவளுக்குப் புரிந்தது.

அடுத்த ஆண்டில் தாயோடு தொழிற்சாலைகளைப் பார்க்கப் போனாள். அங்கே ஜக்கார்டு தறியையும் கண்டாள். பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு 1804-ம் ஆண்டில் அமைத்த தறி அது. அட்டையின் துளையைப் பார்த்துப் பட்டிலே பூ விழுகிற அதிசயத்தை அவள் மறக்கவில்லை.

தபாலில் படித்த பாடம்

1835-ம் ஆண்டில் ஏடாவுக்குத் திருமணம் நடந்தது. கணவர் வில்லியம் கிங். அவர் 1838-ம் ஆண்டில் லவ்லேஸ் பிரபு ஆனார். ஏடா, சீமாட்டி லவ்லேஸ் ஆனார். இரண்டு ஆண், ஒரு பெண் என்று மூன்று குழந்தைகள் பிறந்தார்கள்.

பெரிய மாளிகை, வண்டி, வேலைக்காரர்கள் எல்லாம் இருந்தும் அவருடைய மனம் கணக்கையே நாடியது. ஆனால் அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு இடம் இல்லை. பிரபுவின் மனைவியாக இருந்தாலும் கதவு மூடியே இருந்தது.

ஏடா என்ன செய்தார் தெரியுமா? தபாலில் படித்தார்! டி மார்கன் என்ற பேராசிரியர் லண்டனில் இருந்தார். 1840-ம் ஆண்டு முதல் அவருக்கு ஏடா கடிதம் எழுதினார். கணக்கைப் போட்டு அனுப்புவார். எந்த வரியில் புரியவில்லை என்று குறிப்பிட்டுக் கேட்பார். பேராசிரியர் அந்த வரியைத் திருத்தி எழுதி அனுப்புவார். அதே 1840-ம் ஆண்டில்தான் நாடு முழுவதும் ஒரு பென்னிக்குக் கடிதம் போகும் முறையும் வந்திருந்தது.

டி மார்கன் அவருடைய அறிவை மெச்சினார். ஆனால் ஏடாவின் தாய்க்கு 1844-ம் ஆண்டில் வேறு மாதிரி எழுதினார். இவ்வளவு கடுமையான கணக்கைப் பெண்ணின் உடம்பு தாங்காது என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஏடா தம் பெரிய வேலையை முடித்துவிட்டார்!

ஆலையும் கிடங்கும்

அது என்ன வேலை?

பாபேஜ் இதற்குள் புதிதாக ஓர் எந்திரத்துக்குத் திட்டம் போட்டிருந்தார். பழைய எந்திரம் ஒரே வகைக் கணக்குத்தான் போடும். புதிய எந்திரம் எந்தக் கணக்கையும் போடும்.

அதில் இரண்டு பெரிய பகுதிகள். ஒன்றுக்குக் கிடங்கு என்றும், மற்றொன்றுக்கு ஆலை என்றும் பாபேஜ் பெயர் வைத்தார். சேலம், நாமக்கல் பக்கத்து மக்களுக்கு இது எளிதில் விளங்கும். மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குள் போகிறது. அரைபட்டு, வறுபட்டு, ஜவ்வரிசியாகக் கிடங்குக்கு வருகிறது. அதுபோல, எண்கள் கிடங்கில் இருக்கும். வேண்டிய எண் ஆலைக்குப் போகும். அங்கே கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நடக்கும். விடை கிடங்குக்குத் திரும்பும்.

எந்த எண்ணை எடுப்பது, என்ன செய்வது என்று எந்திரத்துக்கு யார் சொல்வது? துளை போட்ட அட்டைகள்! ஜக்கார்டு தறியில் இருந்துதான் இந்த யோசனையை பாபேஜ் எடுத்தார்.

இன்னொரு வசதியும் உண்டு. தன்னிடம் இல்லாத ஓர் எண் தேவைப்பட்டால் எந்திரம் தானாக நிற்கும். மணி அடித்து ஆளைக் கூப்பிடும். ஆள் சரியான அட்டையைக் கொடுத்தால் வேலை தொடரும். தப்பான அட்டையைக் கொடுத்தால் இன்னும் பலமாக மணி அடிக்கும்! இதை பாபேஜ் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி இருக்கிறார்.

ஆனால் அரசாங்கம் கையை விரித்துவிட்டது. 1842-ம் ஆண்டில் பழைய எந்திரத்துக்கே இனிப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டது. அப்படி இருக்கும்போது புதியதற்கு யார் கொடுப்பார்கள்?

1843-ம் ஆண்டுக் கோடை

இத்தாலி நாட்டு என்ஜினீயர் மெனப்ரியா, இந்தப் புதிய எந்திரத்தைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். அது 1842-ம் ஆண்டில் வெளிவந்தது. ஏடா அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்தார்.

பாபேஜ் அதைப் பார்த்தார். இவ்வளவு தெரிந்த நீங்களே ஏன் சொந்தமாக எழுதவில்லை என்று கேட்டார். அது தமக்குத் தோன்றவில்லை என்றார் ஏடா. அப்படியானால் குறிப்புகளாவது சேர்க்கலாமே என்றார் பாபேஜ்.

ஏடா எழுத உட்கார்ந்தார். ஏழு குறிப்புகள் எழுதினார். மூலக் கட்டுரையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகிவிட்டது!

அப்போது அவருக்கு 27 வயது. மூன்று குழந்தைகளுக்குத் தாய். உடம்பும் சரியில்லை. சர்ரே மாவட்டத்தில் ஒரு மாளிகை, லண்டனில் ஒரு வீடு என்று மாறி மாறி இருந்தார். பாபேஜ் லண்டனில் வேறு தெருவில் இருந்தார். இருவருக்கும் நடுவே கடிதங்கள் பறந்தன. ஒரே நாளில் இரண்டு மூன்று கடிதம்கூடப் போகும். இந்தச் சக்கரம் இப்படிச் சுழன்றால் அந்த எண் என்ன ஆகும்? இந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை? இதுதான் கடிதத்தில் பேச்சு.

பிடிபட்ட பிழை

எந்திரத்தின் திறமையைக் காட்ட ஒரு கடினமான கணக்கு வேண்டும். பெர்னூலி எண்கள் என்று ஒரு வரிசை உண்டு. அதை எந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கும் என்று காட்டலாம் என்று ஏடா முடிவு செய்தார்.

இந்த எண்கள் படிக்கட்டு மாதிரி. மேல்படிக்குப் போக வேண்டுமானால் கீழ்ப்படிகள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். கீழே ஒரு படி பிசகினால் அதற்கு மேலே உள்ள எல்லாம் பிசகிவிடும்.

ஏடாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று, இந்தக் கணக்குக்கு வேண்டிய இயற்கணிதத்தை பாபேஜே போட்டு அனுப்பினார். அவர் உலகம் அறிந்த கணித மேதை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒரு காலத்தில் நியூட்டன் வகித்த பேராசிரியர் பதவியை வகித்தவர். அவர் போட்ட கணக்கை யார் சோதித்துப் பார்ப்பார்கள்?

ஏடா பார்த்தார்! ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பெரிய பிழை ஒன்று இருந்தது. அதைக் குறித்துத் திருப்பி அனுப்பினார். பல ஆண்டுகள் கழித்து, 1864-ம் ஆண்டில் வெளிவந்த தம் புத்தகத்தில் பாபேஜே இதை ஒப்புக்கொண்டார். மறைக்காமல் எழுதிய அவரும் பெரிய மனிதர்தான்.

பிறகு ஏடா ஒரு பெரிய அட்டவணை தயாரித்தார். அதில் 25 படிகள். முதல் படியில் எந்த எண்ணை எடுப்பது? அதை எதனோடு பெருக்குவது? விடையை எந்த இடத்தில் வைப்பது? அப்போது ஒவ்வோர் இடத்திலும் என்ன எண் இருக்கும்? எல்லாம் வரிசையாக இருந்தன. அவர் பென்சிலால் எழுதியதை, லவ்லேஸ் பிரபு பக்கத்தில் உட்கார்ந்து மை போட்டுக் கொடுத்தார்.

ஓடாத எந்திரத்தை ஏடா காகிதத்தில் ஓட்டினார். ஒவ்வொரு படியிலும் நிறுத்தினார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். பிறகுதான் அடுத்த படிக்குப் போனார். பாபேஜும் அதற்கு முன்பு சில சிறு கணக்குகளுக்குப் படிகள் எழுதி வைத்திருந்தார். ஆனால் இவ்வளவு முழுமையாக அச்சில் வந்தது ஏடாவின் அட்டவணைதான். அதனால் அவரை உலகத்தின் முதல் புரோகிராம் எழுத்தாளர் என்று பலர் போற்றுகிறார்கள்.

சண்டையும் வந்தது

வேலை என்றால் சண்டை வராமல் இருக்குமா? ஏடா எழுதிய ஒரு குறிப்பை அவரைக் கேட்காமல் பாபேஜ் மாற்றிவிட்டார். ஏடாவுக்குக் கோபம் வந்தது. காரணம் வெறும் கர்வம் அல்ல. ஒருவர் கையில் பழைய காகிதம், இன்னொருவர் கையில் திருத்திய காகிதம் என்றால் எப்படி ஒப்பிடுவது? இரண்டு பேரும் ஒரே காகிதத்தைப் பார்த்தால்தானே பிழை தெரியும்?

கடைசியில் இன்னொரு தகராறு. அரசாங்கத்தைத் திட்டி, பெயர் போடாமல் ஒரு முன்னுரையைக் கட்டுரையோடு சேர்க்க வேண்டும் என்று பாபேஜ் விரும்பினார். ஏடா மறுத்துவிட்டார். அது எந்திரத்துக்குக் கெடுதல் செய்யும் என்று அவருக்குத் தெரிந்தது. பின்பு இருவரும் சமாதானம் ஆனார்கள். கடைசி வரை நண்பர்களாகவே இருந்தார்கள்.

1843-ம் ஆண்டில் கட்டுரை வெளிவந்தது. குறிப்புகளின் கீழே ஏடாவின் முழுப் பெயர் இல்லை. மூன்று முதல் எழுத்துக்கள் மட்டும் இருந்தன.

இந்த எந்திரம் எண்ணோடு நிற்காது, இசையைக்கூட அமைக்கலாம் என்று அதில் அவர் எழுதினார். ஆனால் தானாக எதையும் படைக்காது, நாம் சொல்லத் தெரிந்ததைத்தான் செய்யும் என்றும் எழுதினார்.

பிடிபடாத பிழை

அந்த அட்டவணையிலேயே ஒரு பிழை இருந்தது! நான்காவது படியில் ஒரு வகுத்தல். அதில் இரண்டு எண்களும் இடம் மாறி அச்சாகிவிட்டன.

6 ரூபாயை 3 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 2 ரூபாய். 3 ரூபாயை 6 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு அரை ரூபாய். எண்கள் அவையே, இடம்தான் மாறியது. ஆனால் விடை எங்கேயோ போய்விடுகிறது அல்லவா? அதே கதைதான்.

பாபேஜின் பிழையைப் பிடித்த அட்டவணையில் இது எப்படித் தப்பியது? காரணம் இதுதான். எந்திரம் ஓடவே இல்லை. ஓடி இருந்தால் விடை தப்பாக வந்திருக்கும். உடனே நிறுத்தித் தேடி இருப்பார்கள். எத்தனை கெட்டிக்காரர் எழுதினாலும், ஓட்டிப் பார்க்காத கணக்கில் ஒரு பிழை ஒளிந்திருக்கலாம்.

குதிரை தோற்றது

ஏடாவின் வாழ்க்கையிலும் அப்படி ஒரு பிழை ஒளிந்திருந்தது. எந்திரம் கட்டப்படவில்லை. அவருடைய அறிவுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. குதிரைப் பந்தயத்தில் மனம் போயிற்று. கணக்குப் போட்டுப் பந்தயத்தில் ஜெயித்துவிடலாம் என்று நம்பினார். 1851-ம் ஆண்டில் ஒரே பந்தயத்தில் 3,000 பவுனுக்கு மேல் தோற்றார். குடும்பத்து வைர நகைகள் அடகுக் கடைக்குப் போயின. கணவருக்குத் தெரியாமல் போயின. தாய் பணம் கொடுத்து மீட்டார்.

அதே சமயத்தில் உடம்பையும் நோய் அரித்தது. கர்ப்பப்பையில் புற்றுநோய். வலி பொறுக்க முடியவில்லை. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் வந்து, படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தம் நாவலில் இருந்து ஒரு பகுதியைப் படித்துக் காட்டினார்.

1852-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி ஏடா கண்ணை மூடினார். வயது 36. பைரன் இறந்ததும் 36-வது வயதில்தான்!

ஏடாவுக்கு ஒரு கடைசி ஆசை இருந்தது. தம்மைத் தந்தையின் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நாட்டிங்காம் பக்கத்தில் ஹக்னல் என்ற ஊரின் மாதா கோவிலில் அப்படியே செய்தார்கள். வாழ்நாள் எல்லாம் பார்க்க முடியாத தந்தையின் அருகே மகள் போய்ப் படுத்துக்கொண்டார்.

அட்டை வளர்ந்த கதை

பாபேஜ் 1871-ம் ஆண்டில் இறந்தார். அவருடைய பெரிய எந்திரம் கடைசி வரை காகிதத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் துளை அட்டை சாகவில்லை. 1890-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஜனத்தொகைக் கணக்கை ஹாலரித் என்பவர் துளை அட்டை எந்திரங்களால் எண்ணினார். அவருடைய கம்பெனி மற்றக் கம்பெனிகளோடு சேர்ந்தது. அதுதான் பின்னர் ஐ.பி.எம். ஆயிற்று.

1940-ம் ஆண்டில் இன்னொரு அதிசயம் நடந்தது. ஸ்டிபிட்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு கல்லூரியில் தட்டெழுத்து எந்திரத்தை வைத்தார். கணக்குப் போடும் எந்திரம் நியூயார்க்கில் இருந்தது. கேள்வி தந்திக் கம்பியில் போயிற்று. விடை திரும்பி வந்தது. ஆள் ஓர் இடம், எந்திரம் ஓர் இடம் என்பது உண்மையாகிவிட்டது.

1964-ம் ஆண்டில் ஐ.பி.எம். ஒரு பெரிய கம்ப்யூட்டர் வரிசையை வெளியிட்டது. இவற்றுக்கு மெயின்பிரேம் என்று பெயர். பாங்குகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் வாங்கின. இவற்றுக்கும் முதலில் துளை அட்டைதான் தீனி. பெரிய பாங்குகள் பலவற்றின் கணக்கு இன்றும் மெயின்பிரேமில்தான் நடக்கிறது.

1979-ம் ஆண்டில் அமெரிக்க ராணுவ இலாகா தன் புதிய கம்ப்யூட்டர் மொழிக்கு ஏடா என்று பெயர் வைத்தது. அந்த மொழியின் தர விதிக்கு 1815 என்ற எண்ணைக் கொடுத்தது. அது ஏடா பிறந்த ஆண்டு!

பெரிய எந்திரம் கூப்பிடுகிறது

சேலத்திலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் படித்த பிள்ளைகள் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்கள். மேஜையில் ஒரு சிறு கம்ப்யூட்டர் இருக்கும். அவர்கள் கவனிக்கும் மெயின்பிரேம் கடல் கடந்து எங்கோ இருக்கும். அங்கே ஓடும் புரோகிராமில் பிழை வந்தால் என்ன செய்வது? கப்பல் ஏறிப் போக முடியுமா? இங்கிருந்தே அதை நிறுத்தி, உள்ளே பார்க்க வேண்டும்.

இதற்குச் சில ஏற்பாடுகள் வேண்டும். ஏடாவின் கதை தெரிந்தவர்களுக்கு இவை புதியவை அல்ல.

முதலில், புரோகிராமைத் தயாரிக்கும்போதே படிகளின் எண்களையும் பெயர்களையும் உள்ளே வைத்துத் தயாரிக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர்ப் பலகை இல்லாத ஊரில் வீடு தேடுவது போல ஆகிவிடும். ஏடாவின் அட்டவணையில் ஒவ்வோர் இடத்துக்கும் பெயரும், ஒவ்வொரு படிக்கும் எண்ணும் இருந்தன அல்லவா?

இரண்டாவது, அங்கே ஓடுவதும் இங்கே மேஜையில் இருப்பதும் ஒரே பிரதியாக இருக்க வேண்டும். ஒரு வரி கூடி இருந்தாலும், இங்கே ஒரு வரியைக் காட்டும், அங்கே வேறு வரி ஓடும். ஏடா கோபித்துக்கொண்டது இதற்குத்தான்.

மூன்றாவதுதான் வேடிக்கை. சிறிய கம்ப்யூட்டர் பெரியதைக் கூப்பிடும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் வழக்கமான ஒரு முறையில் பெரியதுதான் சிறியதைக் கூப்பிடுகிறது! அதனால் மேஜைக் கம்ப்யூட்டரில், பிழை தேடும் புரோகிராமை முன்னதாகத் திறந்து வைக்க வேண்டும். அது காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். அதன் முகவரியையும், போர்ட் என்ற கதவு எண்ணையும் மெயின்பிரேமுக்குச் சொல்ல வேண்டும். முகவரி நேற்று ஒன்று, இன்று ஒன்று என்று மாறி இருந்தால் அழைப்பு வராது. நடுவே காவல் புரோகிராம் கதவை மூடி இருந்தாலும் வராது. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் முதலில் தடுமாறுவது இங்கேதான். புரோகிராமில் பிழை தேடப் போய், வழியில் உள்ள பிழையில் சிக்கிக்கொள்வார்கள்.

எல்லாம் சரியானால், குறித்த வரி வந்ததும் மெயின்பிரேமில் அந்த வேலை நிற்கும். இங்கே மேஜையில் தகவல் வரும். பாபேஜ் நினைத்த அந்த மணி இதுதான்! எந்த இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பார்க்கலாம். ஒரு படி நகர்த்திப் பார்க்கலாம். மறுபடி நிறுத்தலாம். இதை மக்களின் உண்மையான பணக் கணக்கில் செய்வது இல்லை. சோதனைக்கு என்று தனியே வைத்த கணக்கில்தான் செய்வார்கள்.

ஓடாத எந்திரத்துக்கு ஏடா காகிதத்தில் செய்ததை, ஓடும் எந்திரத்துக்கு இந்தப் பிள்ளைகள் திரையில் செய்கிறார்கள். அவர்களில் பெண்களும் ஏராளம். அவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் கதவு மூடி இருக்கவில்லை.

இளம்பிள்ளையில் மயிலின் கழுத்து உடைந்தால், நெசவாளர் பதறுவது இல்லை. முதலில் தறியை நிறுத்துகிறார். பிறகு, அட்டையை ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குகிறார்.